மலையின் மூத்த மகளுக்கு உப்பு ஆகாது

அடி அண்ணாமலை அப்பாதுரைக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் செய்தியையும் அவரால் கண்ணீர் கலக்காமல் சொல்ல முடியாது.

இருபத்தைந்து வருஷம் மைக் செட் வைத்துப் பிழைத்தவர். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு அவர் புறப்பட்டால், அறிவிப்பு கல்யாணத்துக்கா கருமாதிக்கா என்று ஊர் குழம்பும். ஒருமுறை கீழ்பென்னாத்தூரில் ஒரு காதணி விழாவுக்கு அழைப்புச் சொன்னார். "அந்தப் பிஞ்சுக் காதில்... அந்தப் பால்மணம் மாறாத காதில்..." என்று அவர் குரல் தழுதழுத்ததைக் கேட்டு, அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேர் பெரிய ரோஜா மாலையோடு வந்துவிட்டார்கள். குழந்தை மனையில் உட்கார்ந்து லட்டுத் தின்றுகொண்டிருந்தது. வந்தவர்கள் மாலையைத் தாய்மாமன் கழுத்தில் போட்டுச் சமாளித்தார்கள். தாய்மாமன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

தீபத்தன்று கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை அறிவிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பெற்றவர்கள் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போன பிறகும் அவர் அழுதுகொண்டிருப்பார்.

"யோவ், அவங்க புள்ள கெடச்சு பஸ்ஸே ஏறிட்டாங்க. நீ இன்னும் யாருக்கு அழுவுற?" என்பாள் கன்னியம்மாள்.

கன்னியம்மாள் அவருடைய மனைவி. கிரிவலப் பாதையோரம் பெட்டிக்கடை வைத்திருப்பவள். கற்பூரம், தண்ணீர் பாட்டில், மஞ்சள் கயிறு, பிஸ்கட் எல்லாம் அவளிடம் கிடைக்கும். கண்ணீர் மட்டும் கிடைக்காது. வெங்காயம் உரிக்கும்போதுகூட அவள் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. அந்த வீட்டுக்கு வேண்டிய அழுகையை அப்பாதுரை ஒருவரே அழுது தீர்த்தார்.

பிறகு காலம் மாறியது. பாதை நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி வந்தது. கல்யாணம் செல்போனில் வந்தது. சாவும் செல்போனில் வந்தது. மைக் செட் பரணுக்குப் போனது. அந்த நேரத்தில்தான் அறிவுமதி வந்தாள்.

அறிவுமதி போளூர்ப் பெண். செடிகொடிகளைப் பற்றிப் படித்தவள். செங்கம் சாலையில் ஒரு அறை எடுத்துத் தங்கி, மொட்டையாகிக் கிடக்கிற மலைச்சரிவில் பழைய காட்டு மரங்களைத் திரும்ப வளர்க்கும் குழு ஒன்றை நடத்தி வந்தாள். ஒரு வார்த்தையில் முடிகிறதை இரண்டாக ஆக்க மாட்டாள். அப்பாதுரைக்கு நேர் எதிர்.

"கோடையில மலைப்புல்லு காஞ்சிருக்குண்ணா. பௌர்ணமிக்கு வர்றவங்க அடிவாரத்துல கற்பூரம் ஏத்தக் கூடாது, பீடி போடக் கூடாது. இதை மைக்ல சொல்லணும். சொல்வீங்களா?"

சொன்னார். முதல் பௌர்ணமியிலேயே, தீயில் தாயைப் பிரிந்த மான்குட்டி ஒன்றை அவர் உருவாக்கிவிட்டார். அது "அம்மா" என்று கதறியது. கேட்ட பக்தர்களில் மூன்று பேர் மனம் உருகி, மான்குட்டிக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஆட்டோவில் வைத்துவிட்டுப் போனார்கள். போகும்போது அதில் ஒருவர் பீடியைப் புல்லில் போட்டார். அப்பாதுரை மைக்கைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மிதித்தார்.

ஆனாலும் அறிவுமதி அவரை விடவில்லை. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற, புல் அறுக்க, கோடைக்கு முன்னால் தீ தாண்டாதபடி சரிவில் அகலமாகப் புல்லைச் செதுக்கி வைக்க ஆள் வேண்டியிருந்தது. மூன்று வருஷம் கழித்து, பள்ளி திறந்ததும் இன்னொரு வேலையும் சேர்ந்தது. சனிக்கிழமைதோறும் அரசுப் பள்ளி ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சரிவுக்கு அழைத்துவந்து மரம், பறவை, மண் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் சனிக்கிழமை ஒரு பெண் பிள்ளை எழுந்து, "மைக் சார், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்டது.

சார்!

எட்டாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தவர் அப்பாதுரை. ஐம்பத்தொரு வயது வரை அவரை "யோவ்", "மைக் செட்டு", "ஏ அழுமூஞ்சி" என்றுதான் உலகம் கூப்பிட்டது. அன்று வீட்டுக்கு வந்தவர் கண்ணாடி முன்னால் நின்று சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுப் பார்த்தார்.

"இன்னாய்யா, மாப்பிள்ளை பாக்க வராங்களா?" என்றாள் கன்னியம்மாள்.

அந்தச் சரிவில் ஒரு கருங்காலிக் கன்று இருந்தது. இந்தக் கதை அதைப் பற்றியது. ஊருக்குப் பின்னால், கிரிவலச் சாலைக்கும் மலைக்கும் நடுவில், வேலி அறுந்த ஒரு துண்டு நிலத்தில் மொத்தம் இருபது கருங்காலிகளை நட்டிருந்தார்கள். மறுவருஷம் பங்குனியில் தீ வந்து பத்தொன்பதைத் தின்றது. இருபதாவது ஒரு பாறைக்குப் பின்னால் இருந்ததால் தப்பியது. அதற்கு மூன்று கோடை முழுக்க இரண்டு குடம் இரண்டு குடமாகச் சுமந்து ஊற்றியவர் அப்பாதுரை. இப்போது அவர் இடுப்பளவு இருந்தது. கருங்காலிக்கு அவசரமே கிடையாது.

"இது பெருசாகிப் பழம் விட்டா, மரநாயும் சின்னான் குருவியும் தின்னுட்டு, இந்தச் சரிவு பூரா அதுங்களே விதைச்சிடும்ணா. அப்புறம் நம்ம வேலை கம்மி" என்று அறிவுமதி சொல்லியிருந்தாள்.

"அதுக்கு எத்தினி வருஷம் ஆவும்?"

"நீங்க எழுபதைத் தாண்டணும்."

"தாண்டிடலாம்" என்றார் அப்பாதுரை. அப்போதே அவர் கண் கலங்கியது.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் அறிவுமதி ஒரு மாதப் பயிற்சிக்கு வடக்கே போனாள். போகும்போது இரண்டு விஷயம் சொன்னாள். புல் அறுப்பவர்கள் கன்றையும் சேர்த்து அறுத்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு கன்றிலும் நீல ரிப்பன் கட்ட வேண்டும். சனிக்கிழமை பிள்ளைகளிடம் தண்ணீர், மண், விதை என்ற மூன்றைப் பற்றி மட்டும் சொன்னால் போதும்.

ரிப்பன் தீர்ந்துபோனது. கருங்காலிக்கு மட்டும் பாக்கி. கடைக்குப் போய் வாங்கச் சோம்பல்பட்டு, அப்பாதுரை தோளில் கிடந்த மஞ்சள் துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். கோயில் ஊரில், கிரிவலப் பாதையோரம், ஒரு பாறைப் பக்கத்தில் தனியாக நிற்கும் செடியில் மஞ்சள் துணி! வேறு எந்த ஊரிலும் அது ஒரு அடையாளம். திருவண்ணாமலையில் அது ஒரு அழைப்பிதழ். பிறந்ததிலிருந்து இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவருக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமை வந்தது.

தண்ணீரைப் பற்றி ஐந்து நிமிஷம் சொன்னார். மண்ணைப் பற்றி மூன்று நிமிஷம். பிள்ளைகள் தூரத்துக் குட்டையில் புரளும் எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்க ஆள் இருந்தும் கேட்காமல் போவதை அப்பாதுரையால் தாங்க முடியாது. ஒரு எருமையிடம் தோற்பதா? அவர் தொண்டையைச் செருமினார்.

"புள்ளைங்களா! இந்த மலைக்கு இருபது பொண்ணுங்க..."

எருமை தோற்றது.

மலையின் இருபது பெண்கள். பத்தொன்பது தங்கைகள் ஒரே நாளில் அக்கினிக்கு இரையானார்கள். மூத்தவள் பாறைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவளால் ஓட முடியாது, கால் மண்ணுக்குள் இருக்கிறது. அவள் அழுத அழுகையில் இந்தப் பாறை இன்றைக்கும் ஈரமாக இருக்கிறது, தொட்டுப் பாருங்கள். (பாறையில் ஈரம் இருந்தது. அவர் குடத்தில் ஓட்டை இருந்தது.) "தங்கச்சிங்களை இழந்த அந்த மூத்த மகள்தான்... இந்த மஞ்சத் துணி கட்டி நிக்கிறாளே... இவதான்!"

ஏழு பெண் பிள்ளைகள் தேம்பினார்கள். அப்பாதுரை அவர்களைவிட அதிகமாகத் தேம்பினார். விதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏனென்றால் விதையின் கதை அவ்வளவு கௌரவமானதல்ல. ஜவ்வாது மலையில் மரநாய் போட்ட பீயைப் பொறுக்கி, கழுவி, அதிலிருந்து எடுத்த விதை அது. மலைமகளுக்கு அப்படி ஒரு பிறப்புச் சான்றிதழை எந்தக் கதைசொல்லி கொடுப்பான்?

அடுத்த வெள்ளிக்கிழமை கன்றின் அடியில் ஒரு சிட்டிகை குங்குமம் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதைப் பார்த்ததும் அப்பாதுரைக்குப் பெருமையாக இருந்தது. ஜனங்கள் மரத்தை மதிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அறிவுமதி படித்த படிப்பெல்லாம் செய்யாததை நம் ஒரு வாய் செய்துவிட்டது, அவள் வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று நினைத்தார். போன் செய்து சொல்லவும் இல்லை.

இரண்டாவது வெள்ளி எலுமிச்சம்பழம், வளையல், இருபது மஞ்சள் கயிறு. மூன்றாவது வெள்ளி பால், மஞ்சள் தண்ணீர், அகல் விளக்கு. "மூத்த மவளாத்தா" என்று பெயரும் வந்துவிட்டது. கழுத்தில் கருங்காலி மாலை போட்ட ஒருவர் இலையை வைத்தே இனத்தைக் கண்டுபிடித்து ஒரு கிளையை ஒடிக்கப் போனார்.

"ஒடிக்காதீங்கண்ணா! உள்ள இன்னும் கறுப்பே ஏறல. பச்சக் குழந்தை!" என்று அப்பாதுரை குறுக்கே விழுந்தார்.

"குழந்தையா? அப்ப குழந்தை ரூபத்துல வந்திருக்காளா?" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று மாலையே யாரோ கன்றின் கீழ் ஒரு பால்புட்டியை வைத்துவிட்டுப் போனார்கள்.

நான்காவது வாரம் இலை நுனிகள் கருகின. அப்பாதுரை குனிந்து பார்த்தார். கன்றைச் சுற்றித் திட்டுத் திட்டாக வெள்ளை படர்ந்திருந்தது. உப்பு. ஆடி மாதத்தில் அம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டுகிற வழக்கப்படி, நூறு பேர் கொட்டிய உப்பு. பக்கத்தில் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள் பிரிந்து கிடந்தன. ஒன்றை எடுத்து விரித்தார். அதிலிருந்து அவர் முகமே அவரைப் பார்த்துச் சிரித்தது.

"மலையைக் காப்போம்! மரத்தைக் காப்போம்! சுற்றுச்சூழல் பேச்சாளர் அப்பாதுரை."

இரண்டாவதை விரித்தார். அதிலும் அவரே. மூன்றாவதில் மிளகு ஒட்டிக்கொண்டு அம்மை போட்டதுபோல் இருந்தார்.

கடைக்கு ஓடினார். கன்னியம்மாள் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே இது?"

"உப்பு மெளகு. வர்றவங்க கேக்கறாங்க, கட்டிக் குடுக்கறேன்."

"எந்தப் பேப்பர்ல கட்ற?"

"பரண் மேல ஒரு கட்டு கெடந்துச்சே."

"அது விழிப்புணர்வு நோட்டீசுமே!"

"எனக்கு இன்னா தெரியும்? ஒரு வருஷமா ஒருத்தரும் கையால தொடல. இப்ப பாரு, ஊரு பூரா போயிருக்குது உன் மூஞ்சி."

"அந்தக் கன்னு செத்துக்கினு இருக்குது! நீயும் போட்டியா?"

"ரெண்டு பொட்டலம் போட்டேன். வேண்டுதல்."

"இன்னா வேண்டுதல்?"

கன்னியம்மாள் மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். "உன் வாய் கொறையணும்னு."

அப்பாதுரை கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மண்டைக்குள் பழைய மைக் தானாகப் பேச ஆரம்பித்தது. *அன்பான பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. அடி அண்ணாமலையைச் சேர்ந்த, மாநிறமான, ஐம்பத்தொரு வயது அப்பாதுரை என்பவரின் புத்தி கடந்த நான்கு வாரமாகக் காணவில்லை. கண்டுபிடிப்பவர்கள் திருப்பித் தர வேண்டாம், அவருக்கு அதை வைத்துக்கொள்ளத் தெரியாது.*

திங்கட்கிழமை அறிவுமதி வந்துவிடுவாள். கன்று போனால், "சார்" போய்விடும். மூன்று கோடை சுமந்த குடமும் போய்விடும். இவர் வாய்தான் அதைக் கொன்றது என்று அவள் சொல்ல மாட்டாள், அவள்தான் பேச மாட்டாளே. அதுதான் இன்னும் பயம்.

"பாம்பு இருக்குதுன்னு சொல்லிடு. ஒருத்தரும் வர மாட்டாங்க" என்று கன்னியம்மாள் வழி சொன்னாள்.

"பாம்புன்னா புத்துக்குப் பால் ஊத்த இன்னும் நூறு பேர் வருவாங்க. நம்ம ஊரு உனக்குத் தெரியாதா?"

ஞாயிறு காலை பரணிலிருந்து மைக்கை இறக்கினார். கன்றுக்கு முன்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். "தாய்மார்களே! இது சாமி இல்ல, சாதாரணக் கன்னு! நான் சொன்னது பொய்! பொய் சொன்ன பாவி நான்தான்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லும்போதாவது அழாமல் சொல்லியிருக்கலாம். உடம்பு குலுங்கியது, குரல் பிளந்தது, கண் சிவந்தது.

"எறங்கிட்டா! ஆத்தா எறங்கிட்டா!" என்று முன் வரிசையில் ஒரு குரல். யாரோ அவர் நெற்றியில் விபூதி அப்பினார்கள். யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். ஒரு அம்மாள் காலில் விழுந்து, "எம் பையனுக்கு எப்ப ஆத்தா கல்யாணம்?" என்றாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் மைக் செட்டு!"

"கோவத்துல இருக்கா. அடுத்த வெள்ளி கேக்கலாம்" என்று அந்த அம்மாள் எழுந்து, போகிற போக்கில் ஒரு கை உப்பைக் கன்றின் அடியில் போட்டுவிட்டுப் போனாள்.

மத்தியானம் வெயில் உச்சிக்கு வந்து பாதையில் ஆள் ஓய்ந்த பிறகு, அப்பாதுரை ஒரு சாக்கும் அரிவாளும் எடுத்துக்கொண்டு போனார். கயிறு, வளையல், துணி எல்லாவற்றையும் அறுத்துச் சாக்கில் போட்டு எங்காவது புதைத்துவிடுவது என்று முடிவு. திருடனின் காரியம்தான். ஆனால் திருடனுக்கு இருக்கிற நெஞ்சுறுதி அவருக்கு ஏது? முதல் கயிற்றைத் தொட்டதும், இது எந்தப் பெண்ணின் பரீட்சையோ என்று தோன்றியது. இரண்டாவதைத் தொட்டதும், எந்தக் குடிகாரனின் மனைவியோ. மூன்றாவது ஆஸ்பத்திரி. ஒன்பதாவது கயிற்றில் அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"அது எங்கூட்டுக் கயிறு."

பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். அறுபது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த கறுப்பு முகம், இடுப்பில் சொருகிய சேலை, கையில் ஒரு சொம்பு தண்ணீர். பெயர் எல்லம்மாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவள். மகளை அடி அண்ணாமலையில் கொடுத்திருந்தாள். மகள் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் இரண்டு தங்கவில்லை.

அப்பாதுரை கையெடுத்துக் கும்பிட்டார். "யக்கா, என்னை அடிச்சிடு. எல்லாம் என் கதையால வந்தது."

"எந்தக் கதை?"

"இருபது பொண்ணுங்க... மூத்த மக... தீ..."

"எனக்குத் தெரியாதே. வழியில நாலு பேர் கும்பிட்டாங்க, நானும் கும்பிட்டேன். மஞ்சத் துணி இருந்துச்சு. அது போதாதா?"

தன் பாவம்கூடத் தனக்கு முழுசாகச் சொந்தமில்லை என்று அப்பாதுரைக்குச் சுருக்கென்றது. பாதிப் பாவத்தை ஒரு துண்டுத் துணி பங்கு போட்டுக்கொண்டது.

எல்லம்மாள் அவரைக் கவனிக்கவில்லை. கன்றின் அருகில் குந்தி, கருகிய இலையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு விரல் மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"தூ. ஊறுகாய் மாதிரி இருக்குது. எந்தப் பயிரு தாங்கும்? அதான் நான் வெறும் தண்ணிதான் ஊத்துவேன். உப்புப் போடுறவங்க யாரும் கொல்லையில எறங்கிப் பயிர் வைக்காதவங்க."

"பொழைக்குமா யக்கா?"

"எங்க போர்ல ஒரு வருஷம் உப்புத் தண்ணி வந்துச்சு. மேல் மண்ணை வழிச்சுப் போட்டு, நல்ல தண்ணியா விட்டு விட்டுக் கழுவி, எலை தழை போட்டு மூடினோம். பாதி பொழச்சுது. நீ முதல்ல அந்த அரிவாளைத் தள்ளி வை, பயமா இருக்குது."

"இந்தக் கயிறெல்லாம்... ஜனங்க வேண்டுதலு... தூக்கிப் போட்டா பாவமில்லையா?"

"யாரு தூக்கிப் போடச் சொன்னாங்க?"

எல்லம்மாள் எழுந்து சுற்றும் பார்த்தாள். அப்பாதுரை பக்கத்துப் பாறையைக் காட்டினார். அவள் தலையாட்டினாள். "அது மேட்டுல இருக்குது. அங்க கொட்டற உப்பு மழையில இங்கதான் எறங்கும். அதோ, ரோட்டாண்ட பள்ளத்துல ஒரு வேலிக் கல்லு இருக்குது பாரு, அது."

பிறகு கன்றுக்கு நேராக நின்று, மகள் வீட்டுத் தின்பண்டத்தைப் பற்றிப் பேசுவதுபோல் சாதாரணமான குரலில் சொன்னாள். "எம்மா, புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல. நீ கொஞ்சம் தள்ளி ஒக்காரு."

அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு உடுக்கை இல்லை. மஞ்சள் துணியை அவிழ்த்தாள். கயிறுகளை ஒவ்வொன்றாக, அறுக்காமல், முடிச்சை நகத்தால் தளர்த்தி எடுத்தாள். எல்லாவற்றையும் சாலையோரத்து வேலிக் கல்லில் கட்டினாள். அதன் காலடியில் கிடந்த உருண்டைக் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். தன் மகளின் கயிற்றைக் கடைசியாகக் கட்டி, ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாள். இருபத்தைந்து வருஷத்தில் தான் மைக்கில் பேசிய எந்த வசனமும் அந்த ஒரு வரிக்கு உறைபோடக் காணாது என்று அப்பாதுரைக்குத் தெரிந்தது. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தார்.

"பேசாத. மண்ணை வழி" என்றாள் எல்லம்மாள்.

பொழுது சாயும் வரை வழித்தார்கள். பதினெட்டுக் குடம் தண்ணீர்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் வேலிக் கல்லுக்குப் போனது. சாமி இடம் மாறியதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மஞ்சள் எங்கேயோ கூட்டம் அங்கே. அறிவிப்பு தேவைப்படாதது அப்பாதுரைக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. கன்று ஒவ்வொரு இலையாக உதிர்த்து வெறும் குச்சியாக நின்றது. "மூத்த மவளாத்தா மலையேறிட்டா, அதான் செடி காஞ்சிடுச்சு" என்று கன்னியம்மாளின் கடையில் பேசிக்கொண்டார்கள்.

அறிவுமதி திங்கட்கிழமையே வந்து பார்த்துவிட்டாள். அப்பாதுரை ஒன்று விடாமல் சொன்னார். அவள் குந்தி, கன்றின் அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"மூணு சொல்லுங்கன்னு சொன்னேன்."

"நாலாவதா ஒண்ணு சொல்லிட்டேன் மேடம். சனிக்கிழமைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க. நான் குடம் மட்டும் தூக்கறேன்."

"வேர் இன்னும் சாகல. சுத்தி முப்பது கன்னு நடலாம். எல்லாத்துக்கும் நீல ரிப்பன். இதுல எது அதுன்னு உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வீட்டுலயும்." கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். "சனிக்கிழமை நீங்கதான் வரணும். ஆனா விதையிலிருந்து சொல்லுங்க."

சனிக்கிழமை வந்தது. அப்பாதுரை பிள்ளைகள் முன்னால் நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போடவில்லை. இன்றோடு "சார்" முடிந்தது என்று வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்.

"போன மாசம் நான் சொன்னது பொய்யி. மூத்த மகளும் இல்ல, தங்கச்சியும் இல்ல. பாறை ஈரம் என் ஓட்டைக் குடம். அந்தக் கன்னு மரநாய்ப் பீயில இருந்து வந்தது."

முன் வரிசையில் இருந்த ஓவியா, முதல் நாள் தண்ணீர் குடிக்கக் கேட்ட அதே பெண், கையைத் தூக்கினாள்.

"சார், எந்த மாதிரி பீ சார்?"

வகுப்பே எழுந்து நின்றது. மரநாய் எவ்வளவு பெரிசு? அது ஏன் விதையைக் கடிக்காமல் விழுங்குகிறது? வயிற்றுக்குள் முளைக்காதா? வெளியே வரும்போது வலிக்காதா? கழுவினது யாரு சார், நீங்களா? எருமை குட்டையில் தலைகீழாகப் புரண்டும்கூட ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் அப்பாதுரை கண்ணீரே இல்லாமல் பேசினார். இருபத்தைந்து வருஷம் அழுது அழுது பிடிக்க முடியாத கூட்டத்தை ஒரு மரநாய் உட்கார்ந்த இடத்திலிருந்து பிடித்துவிட்டது.

மறுவாரம் மூன்று தாய்மார்கள் பள்ளிக்கு வந்து சண்டை போட்டார்கள். பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் கவராயத்தைக் காணோம். காய்ந்த பீதான் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது, இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? "மைக் சார்" என்றார்கள் பிள்ளைகள். "சார்" போகவில்லை.

ஆவணி, புரட்டாசி போனது. குச்சி குச்சியாகவே இருந்தது. அப்பாதுரை முப்பது கன்றுகளுக்கும் தண்ணீர் ஊற்றினார். அதற்கு மட்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு ஊற்றினார், கடன் கொடுத்தவனைத் தெருவில் கண்டவர் மாதிரி. ஐப்பசியில் ஒரு நாள் எல்லம்மாள் வந்தாள். வேலிக் கல்லுக்குச் சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு, "பொண்ணு பொறந்திருக்குது" என்றாள். மீதி அரைச் சொம்பை, புல்லுக்குள் நின்ற குச்சி ஒன்றின் மேல், பார்க்காததுபோல் ஊற்றிவிட்டுப் போனாள்.

தீபாவளி மழை விட்ட சனிக்கிழமை, பிள்ளைகளோடு சரிவில் ஏறும்போது அப்பாதுரையின் கால் நின்றது. குச்சியின் அடியில், மண்ணை ஒட்டி, சிவந்து மடிந்த ஒரு துளிர். அரை விரல் நீளம்.

நெஞ்சுக்குள் மைக் வீறிட்டது. *அன்பான பொதுமக்களே! இறந்தாள் என்று நீங்கள் கைவிட்ட அந்த...* வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"இன்னா சார் பாக்கறீங்க?" என்றாள் ஓவியா.

"ஒண்ணுமில்ல. நட."

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் பேசவில்லை. சோற்றில் உப்பு ஜாஸ்தி என்றும் சொல்லவில்லை. உண்மையிலேயே ஜாஸ்தியாக இருந்தது. கன்னியம்மாள் இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுரம் இல்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் குளித்து, தலையில் ஈரத்துண்டோடு கடையைத் திறந்து, பெரியதாக ஒரு உப்பு மிளகுப் பொட்டலம் கட்டினாள்.

"எங்கமே போற?"

"ஆத்தாளுக்குப் போடணும். வேண்டுதல் பலிச்சிடுச்சு."

அப்பாதுரை பதறி எழுந்தார். "ரோட்டாண்ட கல்லுக்கே போடு! தப்பித் தவறிக்கூட மேல அந்த..."

"மேல எந்த?"

அவர் வாயை மூடினார். கன்னியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. தொண்டையில் ஒரு முழு அறிவிப்பு வந்து நின்றது.

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பாதுரை.